ஆடிக்காற்றும் உப்புத் தண்ணீரும்: ஸ்போர்ட்ஸ் காருக்கு பிபிஎஃப் பார்த்து வாங்குவது எப்படி

ஆடி மாதம் பல்லடம் சாலையில், காரணம்பேட்டைப் பக்கம், ஜல்லி லாரிக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் போனால் போதும். தரையை ஒட்டிப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கில் ஊசி குத்தினாற்போலப் பொட்டுப் பொட்டாகப் பெயிண்ட் பெயர்ந்திருக்கும். கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலாக இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். அதற்கு மேல் ஏறக்குறைய 200 மைக்ரானில் ஒரு தோல் போர்த்துவதுதான் பிபிஎஃப், அதாவது பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் இருக்க ஒட்டிய படலத்தின் வம்சம் இது. செராமிக் கோட்டிங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒரு சில மைக்ரான் கனம். தண்ணீரை வழுக்கி விடும், பளபளப்புத் தரும், கல்லை நிறுத்தாது.

கடைக்குப் போனதும் இரண்டு எண்களைத்தான் சொல்வார்கள்: எத்தனை மில் (படலத்தின் கனம்), எத்தனை வருஷம் வாரண்டி. அந்த இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். படலம் என்ன பிளாஸ்டிக், அதன் மேல்பூச்சு நம்மூர்த் தண்ணீருக்கு எப்படி நிற்கும், ஒட்டுகிறவர் எந்தத் தண்ணீரைத் தெளித்து ஒட்டுகிறார் என்ற மூன்றுதான் மூன்று கோடை கழித்து கார் எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்கின்றன.

பிளாஸ்டிக்கில் இருக்கிறது பாதி சங்கதி

சந்தையில் மூன்று வகை ஓடுகிறது. பிவிசி விலை குறைவு. வெயிலில் அதன் நெகிழ்வு எண்ணெய் வெளியேறி, விறைத்து, ஓரத்தில் வெடிக்கும். டிபிஹெச் என்று ஒன்று வந்திருக்கிறது. நெகிழ்வுக்கு வேறு சரக்குச் சேர்த்த பிவிசிதான் அது. புதிதில் கைக்கு மெத்தென்று இருப்பதால் டிபியு என்றே கைமாறுகிறது. மூன்றாவதுதான் நாம் வாங்க வேண்டிய டிபியு, அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்.

டிபியு என்று சொன்னதும் தலையாட்டி விடாதீர்கள். அதிலேயே இரண்டு உண்டு. அரோமாட்டிக் டிபியு புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அலிஃபாட்டிக் டிபியு நிறம் மாறாமல் நிற்கும். அலிஃபாட்டிக்கிலும் கேப்ரோலாக்டோன் வகையே கார் படலத்துக்குப் பொருத்தம், ஈரமும் வெயிலும் மாறி மாறி வந்தாலும் தாங்கும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வைகாசியில் 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வெயிலில் நிற்கும் பானட் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். "அலிஃபாட்டிக் தானுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் டேட்டா ஷீட்டை எடுத்துக் காட்டினால் பேச்சைத் தொடரலாம். "எல்லாம் இம்போர்ட்டட் மெட்டீரியலுங்க" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

காகிதத்தை நம்பாவிட்டால் கையால் பார்க்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு மூன்று துண்டு சாம்பிள் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க யோசிக்கிற கடையில் லட்சத்தைத் தாண்டும் வேலையை ஒப்படைக்க வேண்டியதில்லை.

முதல் துண்டைப் பின்தாளை உரித்துவிட்டு, ஒன்றரை மடங்கு நீளத்துக்கு இழுத்து விடுங்கள். டிபியு மெல்லத் தன் அளவுக்குத் திரும்பும். பிவிசி இழுத்த இடத்தில் வெளுத்து, நீண்டது நீண்டபடி நிற்கும். புது ரெக்சின் வாசம் தூக்கலாக அடித்தாலும் பிவிசி சந்தேகம்தான்.

இரண்டாவது துண்டைக் கறுப்புத் தகடு ஒன்றில் ஒட்டி, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். மேலே 60 டிகிரிச் சூட்டில் வெந்நீர் ஊற்றினால் கீறல் ஒரு நிமிடத்துக்குள் மறைய வேண்டும். இதைத்தான் செல்ஃப் ஹீலிங் என்கிறார்கள். மேல்பூச்சு மட்டும்தான் அப்படி ஆறும். கத்தி கிழித்ததும் கல் பொத்தலிட்டதும் ஆறாது.

மூன்றாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வெள்ளை டைல்ஸ் துண்டில் ஒட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் 30 நாள் வையுங்கள். ஏப்ரல், மே மாத வெயில் கிடைத்தால் நல்லது. மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த ரோலை விட்டுவிடுங்கள். பத்து வருஷ உத்தரவாதத்தை 30 நாளில் சோதித்துவிட முடியாது. ஆனால் மட்டமான சரக்கு இந்தச் சோதனையிலேயே பல்லிளித்துவிடும்.

மில் கணக்கு

ஒரு மில் என்பது 25.4 மைக்ரான். ஆக 6 மில் 152 மைக்ரான், 7.5 மில் 190, 8 மில் 203, 10 மில் 254. இதில் ஒரு தகிடுதத்தம் உண்டு. பின்தாளையும் மேலே இருக்கும் மெல்லிய காப்புத் தாளையும் சேர்த்து அளந்து "10 மில்" என்று எழுதி விடுகிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது நம்மூரில் ஒரு வேலையே இல்லை. கணபதியிலோ சிங்காநல்லூரிலோ மைக்ரோமீட்டர் இல்லாத லேத் பட்டறை உண்டா? சாம்பிளை எல்லாத் தாளோடும் சேர்த்து அளங்கள். பிறகு உரித்த தாள்களை மட்டும் அளந்து கழியுங்கள். மிச்சம் 0.19 முதல் 0.21 மில்லிமீட்டர் வந்தால் அது நியாயமான 8 மில் படலம். பசைப் பக்கத்தை நேராக அளந்தால் மைக்ரோமீட்டர் முனையில் ஒட்டிக்கொண்டு அளவு தவறும். அதனால்தான் இந்தக் கழித்தல்.

கனம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். சாதாரண செடானுக்கு அது ஓரளவு சரி. ஸ்போர்ட்ஸ் காரின் முன் பம்பர் முழுக்கக் காற்றுத் துளைகளும் கூரான மடிப்புகளும். 10 மில் படலத்தை அங்கே இழுத்து மடக்கினால் அது தன் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். இரண்டு மாதத்தில் மூலை தூக்கி, தூசி ஏறி, கறுப்புக் கோடாக நிற்கும். பம்பர், சைடு மிரர் கூடு, கதவு ஆகியவற்றுக்கு 7.5 அல்லது 8 மில், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலுக்கும் பின்சக்கரத்துக்கு முன்னால் புடைத்திருக்கும் இடுப்புக்கும் மட்டும் 10 மில் என்று பிரித்து ஒட்டச் சொல்வதே சரி. இரண்டு ரோலிலிருந்து வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் முனகுவார். முனகட்டும்.

மேல்பூச்சும் போர்த் தண்ணீரும்

கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பெரிய கவலையில்லை. திருப்பூர், பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் போர்த் தண்ணீரில் கார் கழுவுகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

எல்லா விளம்பரத்திலும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டுவார்கள். மென்மையான தண்ணீருக்கு அது வரம். உப்புத் தண்ணீரில் கதை வேறு. உருண்டு ஓடாமல் தங்கிய ஒவ்வொரு முத்தும் வெயிலில் அங்கேயே காய்ந்து, தன்னிடமிருந்த சுண்ணாம்பை எல்லாம் ஒரு வட்டத்தில் விட்டுப் போகும். கிளியர் கோட்டைவிடப் பிபிஎஃப் மேல்பூச்சு மிருதுவானது. கறை அதில் ஊறிவிட்டால் வெந்நீருக்கு ஆறாது. கீறல்தான் ஆறும், கறை ஆறாது என்பதை நினைவில் வையுங்கள். சாம்பிள் துண்டில் இதையும் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரை ஒரு ஸ்பூன் தெளித்து வெயிலில் காயவிடுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்த பிறகு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு நிமிடம் நனைத்துத் துடையுங்கள். வட்டம் சுத்தமாகப் போனால் அந்த மேல்பூச்சு உங்கள் ஊருக்கு ஆகும்.

கழுவும் முறையும் இதோடு சேர்ந்தது. போர்த் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசலுக்கு 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, நிழலில் நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுத்தால் கறைப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது.

எங்கெங்கே ஒட்டுவது

இரண்டு சீட் கார் முழுவதையும் 1.52 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு ரோலில் பெரும்பாலும் முடித்துவிடலாம். ஆனால் முழுக்க ஒட்டித்தான் ஆக வேண்டுமா? காரின் நிறத்தையும் ஓடும் தடத்தையும் பொறுத்தது. கறுப்பு, அடர் நீலம், சிவப்பு என்றால் கழுவும் துணியின் கோடுகள் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும். அதற்கு முழு உடலும் நியாயம். வெள்ளை, வெள்ளி நிறத்துக்கு முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் போதும். மிச்சப் பணத்தை ஒட்டும் வேலையின் தரத்துக்குச் செலவழிக்கலாம்.

பகுதியாக ஒட்டினால் விடக்கூடாத இடங்கள் இவை: முன் பம்பர் முழுவதும், பானட் முழுவதும், முன் ஃபெண்டர் முழுவதும், சைடு மிரர் கூடு, ஏ பில்லர் (முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள்), கூரையின் முன் ஓரம், ஹெட்லைட், ராக்கர் பேனல், பின் இடுப்பு, பின் சக்கரத்துக்குப் பின்னால் பம்பரின் ஓரம். பானட்டில் முன் பாதி மட்டும் ஒட்டுவது பணம் மிச்சம் மாதிரி தெரியும். நடுவில் ஓடும் கோட்டில் மெழுகும் மண்ணும் சேர்ந்து, ஒரு வருஷத்தில் அதைப் பார்க்காமல் காரைப் பார்க்க முடியாது.

ஸ்போர்ட்ஸ் கார் தன் மேல் தானே கல்லெறியும் வண்டி. அகலமான, மிருதுவான டயர் கல்லைப் பொறுக்கிக்கொண்டு பின் இடுப்பில் வீசும். செட்டிபாளையத்தில் கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போகிறவர்களுக்கு, டிராக்கில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் உருண்டைகளும் சேர்ந்து அடிக்கும். அவர்கள் ராக்கர் பேனலில் இரண்டு அடுக்காகவே ஒட்டலாம். மேல் அடுக்கை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஒட்டக்கூடாத இடங்களும் உண்டு. பார்க்கிங் சென்சாரின் முகத்தில் வேண்டாம், அங்கே வட்டமாக வெட்டி விட வேண்டும். சைலன்சர் வாய்க்கு அருகே சூட்டில் பசை இளகும். முன் கண்ணாடிக்கு இந்தப் படலம் ஆகாது. பார்வை நெளியும், வைப்பர் இரண்டு மழையில் கீறிவிடும். கண்ணாடிக்கென்றே தனிப் படலம் இருக்கிறது. மேட் பெயிண்ட் என்றால் மேட் படலம்தான். பளபளப்பான படலத்தை ஒட்டினால் மேட் போய்விடும்.

படலத்தால் ஆகாததையும் சொல்லிவிடலாம். வேகத்தடையில் அடிமூக்கு உரசினால் கிழியும். பெரிய கல் வேகமாக வந்து அடித்தால் தகடு நசுங்கும், படலமும் பொத்தலாகும். பொடிக் கல், மணல், பூச்சி, எச்சம், வேலியோர முள் இவைதான் அதன் வேலை. தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) இட்டேரி (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) வழியாக ஓட்டிப் போகிறவர்களுக்கு அந்தக் கடைசி ஒன்றே பெரிய லாபம்.

ஒட்டும் இடம், ஒட்டும் கை

நல்ல ரோலும் மோசமான கையும் சேர்ந்தால் பணம் போயிற்று. சுமாரான ரோலும் தேர்ந்த கையும் சேர்ந்தால் நாலு வருஷம் ஓடிவிடும். கடையைப் பார்க்கக் காலையில் போகாதீர்கள். மத்தியானம் காற்று வீசும் நேரத்தில் போங்கள். வைகாசி முடிந்து பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்டால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் முழுக்க ஆவணி, புரட்டாசி வரை மண் பறக்கும். ஷட்டரைத் திறந்து போட்டு ஒட்டும் இடத்தில் படலத்துக்கு அடியில் மண் துகள் சிக்காமல் இருக்க வழியே இல்லை. நாலு பக்கமும் மூடி, ஏசி போட்டு, தரையை நனைத்து வைத்திருக்கும் அறை வேண்டும். அறைச் சூடு 20 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது வசதி. 35 டிகிரியில் தெளிக்கும் தண்ணீர் உடனே காய்ந்து, படலம் வைத்த இடத்திலேயே கவ்விக்கொள்ளும். பிடுங்கி மறுபடி வைத்தால் பசையில் கோடு விழும்.

ஒட்டும்போது இரண்டு தண்ணீர் வைத்திருப்பார்கள். வழுக்குவதற்கு: ஒரு லிட்டருக்குக் குழந்தை ஷாம்பு 5 மில்லி வரை. பிடிப்பதற்கு: ஐசோபுரோபைல் ஆல்கஹால் 10 முதல் 20 சதவீதம், மிச்சம் தண்ணீர். இரண்டுமே ஆர்ஓ தண்ணீரில் கலந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். போர்த் தண்ணீரில் கலந்தால் ஈரம் ஆவியான பிறகு உப்பு பசைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது, பேனலையே உரிக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் "ஃபிலிம் மங்கிருச்சுங்க" என்று வரும் புகார்களில் இதையும் ஒரு காரணமாகப் பார்க்க வேண்டும்.

வெட்டுவதில் இரண்டு முறை. கணினியில் காரின் அளவை எடுத்து பிளாட்டர் என்ற வெட்டு இயந்திரத்தில் வெட்டி வருவது ஒன்று, பேனல் மேல் விரித்துக் கத்தியால் வெட்டுவது இன்னொன்று. கத்தி முறையில் ஓரத்தை உள்ளே மடித்து அழகாக முடிக்கலாம். ஆனால் கை ஒரு நூல் அழுந்தினால் கிளியர் கோட்டில் கோடு விழும், படலத்தை உரிக்கும் நாளில்தான் அது தெரியவரும். ஸ்போர்ட்ஸ் காருக்கு பிளாட்டரில் வெட்டி, ஓரத்துக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் கூடுதல் விட்டு மடிப்பதையே கேளுங்கள். பம்பரில் எத்தனை ஜாயிண்ட் வரும், எங்கே வரும் என்று மாஸ்கிங் டேப்பால் காரிலேயே குறித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பெயிண்ட் அளவைப் பேனல் பேனலாக மீட்டரில் எடுத்து எழுதி வாங்குங்கள். 200, 250 மைக்ரானைத் தாண்டினால் அந்த இடம் மறுபடி அடித்தது. பழைய காரை வாங்கியவர்களுக்கு இது மிக முக்கியம். பட்டறையில் அடித்த பெயிண்டின் பிடிப்பு குறைவாக இருந்தால், படலத்தை உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரும். புதிதாக அடித்திருந்தால் குறைந்தது 30 நாள் ஆற விடுங்கள். பிளாஸ்டிக் பம்பரிலும் கார்பன் ஃபைபரிலும் சாதாரண மீட்டர் வேலை செய்யாது, அங்கே கண்தான் மீட்டர்.

பிறகு இரும்புத் துகள் நீக்கி, களிமண் பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும் கட்டி), தேவையான இடத்தில் பாலிஷ், ஆல்கஹால் துடைப்பு என்று வரிசை. இருக்கிற கீறலின் மேல் ஒட்டினால் கீறலும் பத்திரமாகவே இருக்கும். முழு உடலுக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். காலையில் விட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் விடாமலே இருந்துவிடுங்கள்.

ரோலை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, பெட்டியில் இருக்கும் ரோல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் படலத்தின் மாடல் பெயர், ரோல் எண், எந்தெந்தப் பேனல் என்று எழுதி வாங்க வேண்டும். வாரண்டி கடை தருவதா, தயாரிப்பாளர் தருவதா என்று பிரித்துக் கேளுங்கள். எக்ஸ்பெல், த்ரீஎம், சன்டெக், மகாராஷ்டிரத்தில் தயாராகும் கார்வேர் என எதுவானாலும், வாரண்டி பேசுவது மஞ்சளாவது, வெடிப்பது, குமிழி, பசை விடுவது பற்றித்தான். கல் அடித்த பொத்தலுக்கும் ஊற விட்ட எச்சத்துக்கும் யாரும் பணம் தருவதில்லை. மிஞ்சும் துண்டில் ஒரு மீட்டரைக் கேட்டு வாங்கி, சுருட்டி, நிழலில் வையுங்கள். கதவு ஓரத்துக்கோ கைப்பிடிக் குழிக்கோ பிறகு உதவும்.

வண்டி வீட்டுக்கு வந்த பின்

ஏழு நாள் கழுவக்கூடாது. சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் இரண்டு மூன்று வாரத்தில் தானாக வற்றும், ஊசியால் குத்தாதீர்கள். மூன்று வாரம் கழித்தும் இருந்தால் அது நீரல்ல, காற்றோ மண்ணோ. 15ஆம் நாள் கடைக்குத் திரும்பப் போய் எல்லா ஓரத்தையும் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கிய ஓரத்தை அன்றைக்கே சூடு காட்டி அமுக்கினால் உட்காரும். மண் ஏறிய பிறகு உட்காராது.

வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால் படலம் கிளம்பும். ஒரு அடிக்கு மேல் தள்ளி, நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் டீசல் அடிக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம், ராக்கர் பேனல் ஓரத்துப் பசை கரையும்.

ஆயுத பூஜைக்கு ஒரு எச்சரிக்கை. பானட்டில் வைக்கும் மஞ்சளும் குங்குமமும் ஒரு ராத்திரி தங்கினால் படலத்தில் ஊறிவிடும். பொட்டை நம்பர் பிளேட்டிலோ முன் கண்ணாடியிலோ வைத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. ஊறிவிட்டால் சுரண்டாதீர்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் சில நாளில் வெளிறும், குங்குமம் அப்படிப் போகாது.

தோட்டத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு மயில் ஒரு தனிப் பிரச்சினை. பளபளப்பான கதவில் தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு ஆண் மயில் என்று கொத்தும். அலகுக் கீறல் லேசாக இருந்தால் வெந்நீரில் ஆறும், கால் நகம் கிழித்தால் அந்தப் பேனலை மாற்ற வேண்டியதுதான். உறை போடுவதாக இருந்தால் தூசியைத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே போடுங்கள். ஆடிக்காற்றில் உறை படபடத்து, அடியில் இருக்கும் மண்ணை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

படலத்தை உரிக்கும் நாளை வாரண்டி முடியும் வரை தள்ளிப் போட வேண்டியதில்லை. ஓரங்கள் விறைத்து மேல்பூச்சு மங்கத் தொடங்கியதும் உரித்துவிடலாம், அதற்கு மேலும் விட்டால் முற்றிய பசை பெயிண்டிலேயே தங்கிவிடும். நீராவியிலோ ஹீட் கன்னிலோ 60 முதல் 70 டிகிரி வரை சூடேற்றி, படலத்தைப் பேனலை ஒட்டியே தாழ்வாக மடக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். நேர் மேலே வெடுக்கென்று இழுத்தால் மறு பெயிண்ட் அடித்த பேனல் முதலில் கையோடு வரும். அதனால்தான் முதல் நாள் எடுத்த மீட்டர் கணக்கைப் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்வது: எந்தப் பேனலில் கையை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும்.